குறுக்கே ஒரு அம்புக்குறி

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த படத்தை கர்ட் போஸ்மா முதலில் சரியாகப் பார்க்கவில்லை. அவன் கவனமெல்லாம் மேசைமேல் இருந்த பிஸ்கட் தட்டில் இருந்தது. பிப்ரவரி மாதம்; மிச்சிகன் ஏரிக் காற்று வெளியே பனியை வாரி ஜன்னல்களில் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று பெற்றோரும் பிள்ளைகளும் மேசை மேசையாகப் போய் விசாரிக்கிற மாலை அது. வரலாற்று மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கு மேசையில்தான் கூட்டம், அதுவும் ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களைப் போலச் சத்தமில்லாத கூட்டம். கர்ட்டுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவன் மகள் லிடியா பதினோராம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததிலிருந்து எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடுதான். அவன் மேலாளராக இருக்கும் படகுத்துறைக்கு யார் வந்து எஞ்சின் எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், பேச்சைக் கொண்டுபோய் மகளுடைய ஏ கிரேடில்தான் முடிப்பான். விசாரிக்க என்ன இருக்கிறது, சும்மா தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கிற பட்டாணி சூப்பைச் சூடுபண்ணிக் குடிக்கலாம் என்றுதான் வந்திருந்தான்.

படத்தில் மூன்று கோடுகள் இருந்தன. ஆறாம் வகுப்பில் ஒரே புள்ளியில் தொடங்கி, ஏழாம் வகுப்பில் மூன்றாகப் பிரிந்து, கட்டம் கட்டமாக மேலே ஏறின. இடப்பக்கத்துக் கோடு பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் என்ற கட்டத்தில் போய் முட்டியது. நடுக்கோடு அதற்கு ஒரு கட்டம் கீழேயே நின்றுவிட்டது. மூன்றாவது அதற்கும் கீழே எங்கோ. எல்லா அம்புக்குறிகளும் மேல் நோக்கியே இருந்தன. லிடியா நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“நான் இங்க இருக்கேன்.” விரல் மேலே நகர்ந்தது. “அடுத்த வருஷம் இங்க.” அதற்கு மேல் விரல் வெறும் சுவரில் ஏறியது.

“அதுக்கு மேல?” என்றான் கர்ட்.

“அதுக்கு மேல பெயின்ட்.”

மேசைக்குப் பின்னால் இருந்த கரிகன் கணக்குத் துறையின் தலைவர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை விரலில் சுற்றிக்கொண்டே பேசுகிறவர். லிடியாவுக்குக் கப்பல் வடிவமைக்கிற பொறியியல்தான் வேண்டும், மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு மலர்ச்சி அப்படியே இருக்க, கண்கள் மட்டும் படத்தின் பக்கம் போய் வந்தன.

“மிஸ்டர் போஸ்மா, கால்குலஸ் கட்டாயம்னு அவங்க எங்கயும் எழுத மாட்டாங்க. கேக்கவும் மாட்டாங்க. ஆனா பாப்பாங்க.”

“என்னத்தப் பாப்பாங்க? அதான் எல்லாம் ஏ ஆச்சே.”

“ஏ-தான். எந்தக் கணக்குல வாங்கின ‘ஏ’ அதுன்னு பாப்பாங்க. நம்ம ஸ்கூல்ல என்னென்ன கணக்கு கிளாஸ் இருக்குன்னு நாங்களே எழுதி அனுப்பறோம். இருந்தும் இந்தப் பொண்ணு ஏன் எடுக்கலன்னு அவங்களுக்கு ஒரு கேள்வி வரும். அதை உங்ககிட்ட வந்து யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களே ஒரு பதில வச்சுக்கிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிடுவாங்க.”

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா சட்டென்று தன் மகனைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். கரிகன் மட்டும் வானிலை சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் கர்ட்டுக்குப் பயமாக இருந்தது. அவனுக்குத் தெரிந்து ஏதாவது ஒரு கதவு மூடினால் சத்தம் கேட்கும். சத்தமே இல்லாமல் மூடுகிற கதவைப் பற்றி இந்த மனிதர் பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டே பேசினார்.

“இது என்னது?” என்றாள் லிடியா. நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கக் கோட்டுக்கு, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, புள்ளிப் புள்ளியாக ஓர் அம்புக்குறி குறுக்கே போனது. அந்தப் படத்திலேயே குறுக்கே போனது அது ஒன்றுதான்.

“அது தாண்டறதுக்கு. ஒரு வருஷக் கணக்கைக் கோடை லீவுல கம்ப்யூட்டர்ல தனியா படிக்கணும். ஆகஸ்ட்ல ஒரு பரீட்சை. எண்பதுக்கு மேல எடுத்தா நேரா கால்குலஸ்.”

“எத்தனை பேர் தாண்டறாங்க?”

கரிகனின் விரலில் அட்டை நின்றது. “முயற்சி பண்றவங்க நெறைய பேர்,” என்றார்.

லிடியா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு விரலை மேலே கொண்டுபோகாமல், வந்த வழியே கீழே இறக்கினாள். பத்து, ஒன்பது, எட்டு. ஏழாம் வகுப்பில், கோடு பிரிகிற இடத்தில், நிறுத்தினாள். “இங்கதான் யான்சன் டீச்சர் என்னை எறக்கி விட்டாங்க,” என்று சிரித்தாள். கர்ட்டின் வாயிலிருந்த பிஸ்கட் மண்ணாகிவிட்டது.

இந்தப் பள்ளியில் கீழே இறங்குவதற்கு ஒரு போன் போதும். ஏறுவதற்குத்தான் கோடை, கம்ப்யூட்டர், பரீட்சை எல்லாம். ஏழாம் வகுப்பில் லிடியா அந்த இடப்பக்கக் கோட்டில், வேகப் பிரிவில்தான் இருந்தாள். அவள் அம்மா ட்ரூடி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அந்த இலையுதிர் காலத்தில் அவளுக்கு மாலை ஷிஃப்ட். சாப்பாட்டு மேசையில் பிள்ளை விகிதக் கணக்குகளின்மேல் குனிந்து அழுவதைக் கர்ட் தினமும் தனியாகப் பார்த்தான். முதன்முறையாக ஒரு சி வந்தது. துறையில் படகுகளையெல்லாம் தண்ணீரிலிருந்து தூக்கி, வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்கிற அக்டோபர். உடம்பெல்லாம் வலியோடு வீட்டுக்கு வந்தால் இந்த அழுகை. “விட்டுடு லிடி, சாதாரண கிளாஸ்ல இரு, அங்க நீதான் ராணி,” என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மாட்டேன். அழுவேன், ஆனா விட மாட்டேன்,” என்று கத்தியது. மறுநாள் மதியம் கிரேன் நிழலில் நின்றுகொண்டு அவன் பள்ளிக்குப் போன் செய்தான். யான்சன் டீச்சரே பேசினாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள், இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது என்றாள். அவன் கேட்கவில்லை. சாயங்காலம் பிள்ளையிடம், டீச்சர்தான் முடிவு பண்ணினாங்க என்று சொன்னான். தான் செய்தேன் என்றால் சண்டை வரும், பள்ளிக்கூடம் செய்தது என்றால் வராது. அவ்வளவுதான் அவன் யோசனை போனது. சண்டை வரவில்லை. லிடியா புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு அந்த மேசையில் அவள் ஒருநாளும் அழவில்லை. வீடு அமைதியானதை அவன் நிம்மதி என்று எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் லிடியாதான் பேசிக்கொண்டே வந்தாள். வைப்பர் பனியைத் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோனது.

“நான் எழுதப் போறேன்ப்பா. அந்தப் பரீட்சைய.”

“கோடையெல்லாம் போயிடுமே லிடி.”

“போகட்டும். இத்தனை வருஷமா யாராவது கேட்டா நான் கணக்குல சுமார்னுதான் சொல்லிட்டிருக்கேன். ஏன் தெரியுமா? ஒரு டீச்சர் பாத்துட்டு, இவளால ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதா என்னன்னு நானும் நம்பிட்டேன்.” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். “தாண்டிட்டு நேரா அவங்க வீட்டுக்குப் போய் மணியடிக்கணும்.”

இப்போதே சொல்லிவிடு என்று கர்ட்டின் மனம் சொன்னது. முன்னால் பனி நீக்குகிற லாரி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. அதைத் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தான். அது அவர்கள் தெருமுனை வரைக்கும் முன்னாலேயே போனது.

ட்ரூடியிடம் சொல்லவே அவனுக்கு ஈஸ்டர் வரை ஆனது. துணி உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடான துவாலைகளை எடுத்து அவள் மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடித்தபோது கையில் இருந்த துவாலையைப் பாதி மடிப்பிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீயா பண்ணே?”

“அவ தினம் அழுதா, ட்ரூடி. நீ இங்க இல்ல.”

“ஆமா, நான் இல்ல. நான் இருந்திருந்தா அழட்டும்னு விட்டிருப்பேன். பிள்ளைன்னா அழத்தான் செய்யும்.” துவாலையை மடித்து முடித்தாள். “சரி, பண்ணினே. எதுக்குப் பொய் சொன்னே?”

“இன்னைக்குச் சொல்லிடறேன்,” என்றான்.

“இப்பவா? பைத்தியமா உனக்கு? அந்தக் கிழவி மேல இருக்கற கோவத்துலதான் அவ ஓடிட்டிருக்கா. அவ கம்ப்யூட்டர்ல என்ன ஒட்டி வச்சிருக்கான்னு பாத்தியா? யான்சன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கா. இப்பப் போய், அவங்க இல்ல, நான்தான்னு சொல்லுவியா? பரீட்சை முடியட்டும். அப்பறம் நீயே உக்காந்து சொல்லு. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.”

கர்ட்டுக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்காகக் கூச்சமாகவும் இருந்தது. தள்ளிப்போட ஓர் ஆள் அனுமதி கொடுத்துவிட்டால் எத்தனை சுகம் என்பது அவனைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

மே மாதம் படகுகளைத் தண்ணீரில் இறக்கும் வேலை ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் லிடியாவும் துறைக்கு வந்தாள். வெள்ளை உறையைக் கத்தியால் கிழித்தால் உள்ளே ஒவ்வொரு படகும் போன வருடம் வைத்தபடியே பளபளவென்று இருக்கும். அப்படி ஒரு பாய்மரப் படகைக் கிரேனில் தூக்கிக்கொண்டிருந்தபோது லிடியா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். அதன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் தடவினாள்.

“அப்பா, இதை இறக்காதே. இங்க என்னமோ இருக்கு.”

கர்ட் தடவிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. உரிமையாளர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்ல, இறக்கு,” என்றான் கர்ட். படகு அழகாகத்தான் மிதந்தது. அவர்கள் மதியம் ரொட்டி தின்றுவிட்டு வந்து பார்த்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். பனிக்காலத்தில் எங்கேயோ கொஞ்சம் ஈரம் புகுந்து, உறைந்து, உள்ளுக்குள்ளேயே கீறி வைத்திருந்தது. உரிமையாளர் கத்திக்கொண்டிருந்தார். கர்ட் அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை. பம்பு போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை கண்டுபிடித்ததை எந்தக் கிரேடும் சொல்லாது. இவளை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட வேண்டும், எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை மதியம் ஊரின் சூறாவளிச் சைரன் ஊளையிட்டபோது லிடியா வீட்டு நிலவறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். வசந்தம் வந்ததிலிருந்து இலை உதிரும்வரை மாதத்தின் முதல் வெள்ளி மதியம் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஊரில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரொட்டிக்கடையில் கியூ நகரும், நாய்கள்கூடப் படுத்தபடியே இருக்கும். கர்ட் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். படிக்கட்டில் நின்று கீழே பார்த்தான். கம்ப்யூட்டரின் நீல வெளிச்சத்தில் பிள்ளையின் முகம் நோயாளி முகம்போல் இருந்தது. கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் யான்சன் என்று எழுதிய அந்த மஞ்சள் காகிதம்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“எப்படிப் போவுது?”

“செத்துட்டிருக்கேன்,” என்றாள் திரும்பாமல். பிறகு நாற்காலியைச் சுற்றித் திருப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. “ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குப் புரியுது. நெஜமாவே புரியுது. நான் மக்கு இல்லப்பா.”

“யார் சொன்னது மக்குன்னு?”

“யாரும் சொல்லல. சொல்லாமலேதான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

மேலே சைரன் இறங்கி, மறுபடி ஏறி, நின்றது. கர்ட் படியேறி வந்து சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினான்.

ஜூலைக் கடைசியில், சாலையோரம் வண்டியில் குவித்து விற்கிற மக்காச்சோளத்துக்கு முன்னால் யான்சன் டீச்சரைப் பார்த்தான். அவள் ஓய்வு பெற்று ஓரிரு வருடம் ஆகியிருந்தது. ஓலைத் தொப்பி, முழங்கால் தெரியும் கால்சட்டை. ஒவ்வொரு கதிராக எடுத்து, தோலைக் கொஞ்சம் விலக்கி, நகத்தால் மணியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ்டர் போஸ்மா! ஆகஸ்ட் பரீட்சைக்கு மேற்பார்வை பாக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க. ரிடையரானவளுக்கு வேற என்ன வேலைன்னு நெனச்சுட்டாங்க போல. லிடியாவும் எழுதறாளாமே?”

“ஆமா.” அவனும் ஒரு கதிரைக் கையில் எடுத்தான். “அவளை ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

“கட்டைவிரல் நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருக்கும். அழுதுக்கிட்டே கணக்குப் போடும். மறக்க முடியுமா?” கதிரொன்றைத் திரும்பக் குவியலில் போட்டாள். “இந்த வருஷம் சோளம் சரியில்ல, பாருங்க.”

போன் விஷயத்தை அவள் எடுக்கவில்லை. மறந்திருப்பாள் என்று கர்ட் நினைத்தான். எத்தனை நூறு பிள்ளைகள், எத்தனை நூறு அப்பாக்களின் போன்கள். ஞாபகம் இருந்தால் இப்போதே சொல்லியிருக்க மாட்டாளா? “டீச்சர், ஒரு விஷயம்,” என்று ஆரம்பித்தான். அதற்குள் அவள் விற்கிறவனிடம் நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்று சண்டையை ஆரம்பித்துவிட்டாள். அவன் ஒரு சாக்கு நிறையச் சோளம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒரு வாரம் வீட்டில் மூன்று வேளையும் சோளம்தான். “பரீட்சைக்கு முன்னாடி என்னைப் பன்னியாக்கிடுவே போலிருக்கே,” என்று லிடியா கேலி செய்தாள். ட்ரூடி வெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

பரீட்சை ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை. காலையிலேயே புழுக்கம், ஏரி எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. லிடியா தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். பென்சில்களை முந்தின நாளே சீவி வைத்திருந்தாள். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும் கர்ட் என்ஜினை அணைக்காமல் இருந்தான்.

“நீயும் உள்ள வா,” என்றாள்.

“நான் எதுக்கு?”

“இன்னைக்கு மேற்பார்வைக்கு உக்காரப் போறது யான்சன் டீச்சர்தானாம், கரிகன் ஈமெயில் போட்டிருக்கார். என்னைப் பாத்ததும் அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்கு ஒரு சாட்சி வேணும். வாப்பா.” அவன் கையைப் பிடித்து இழுத்தாள். எத்தனையோ வருடம் கழித்து அவள் அவன் கையைப் பிடித்தது அன்றுதான். எதையாவது சொல்லி வண்டியிலேயே இருந்துவிட்டிருக்கலாம். பிள்ளை பிடித்த கையை உதற அவனுக்கு மனம் வரவில்லை.

விடுமுறைப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரம் மெழுகு வாசனையோடு காலியாகக் கிடந்தது. தரைத்தள வகுப்பறை ஒன்றின் வாசலில் யான்சன் டீச்சர் ஒரு பிரம்புக் கூடையோடு நின்று, பிள்ளைகளின் போன்களை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த இரண்டு பையன்கள் உள்ளே போனார்கள். லிடியா முதுகை நிமிர்த்திக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த ஏதோ ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் யான்சன் டீச்சர் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“லிடியா போஸ்மா! வந்துட்டியா. வருவேன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே உங்கப்பா போன் பண்ணப்போ நான் எவ்வளவோ சொன்னேன், வேற கிளாஸுக்கு மாத்தாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கன்னு. அப்பா மனசு, கேக்கல.” கர்ட்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். “பரவால்ல மிஸ்டர் போஸ்மா. உங்களைக் குறை சொல்லல. அதான் இப்ப வந்துட்டாளே.”

லிடியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுத்துவிட மறந்துபோன சிரிப்பு.

“அப்பாவா போன் பண்ணாங்க?” என்றாள்.

“அதெல்லாம் பழைய கதை கண்ணு. நீ உள்ள போ. பென்சில் இருக்கா? போனை இதுல போடு.”

லிடியா போனைக் கூடையில் போட்டாள். போட்டுவிட்டுக் கர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். பிப்ரவரியில் சுவர்ப் படத்தைப் பார்த்ததுபோலத்தான் பார்த்தாள், வந்த வழியே ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கி. அவன் “லிடி” என்றான். அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. யான்சன் டீச்சர் அவள் தோளில் கை வைத்து உள்ளே அனுப்பிவிட்டு, “கவலைப்படாதீங்க, நல்லா எழுதுவா,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கர்ட் வண்டிக்கு வந்து உட்கார்ந்தான். ட்ரூடிக்குப் போன் செய்தான். எக்ஸ்ரே அறையில் இருப்பாள், எடுக்கவில்லை. எடுக்காதது நல்லது என்று தோன்றியது. வாகன நிறுத்தத்திலிருந்து அந்த வகுப்பறையின் ஜன்னல்கள் தெரிந்தன. மூன்றாவது ஜன்னலில் லிடியா. குனிந்த தலைகளுக்கு நடுவே அவள் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. எழுது, எழுது என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். என்னைத் திட்டு, என்னோடு பேசாதே, வீட்டை விட்டே போ, இன்றைக்கு மட்டும் எழுதிவிடு. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மற்றவர்கள் தாளைத் திருப்பினார்கள், முன்னால் போய் வேறு தாள் வாங்கி வந்தார்கள். அவள் ஒருமுறை குனிந்தாள். அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். திரும்ப நிமிர்ந்தபோது அவள் கட்டைவிரல் வாயில் இருந்தது. பென்சில் எங்கே இருந்தது என்று இங்கிருந்து தெரியவில்லை.

மதியம் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. முதலில் அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல் மெதுவாக, பிறகு ஊரையே தூக்கிக்கொண்டு மேலே மேலே. விளையாட்டு மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த காட்டு வாத்துகள் தலையைத் தூக்கவில்லை. சாலையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு அதே வேகத்தில் போனாள். வகுப்பறையில் அத்தனை தலைகளும் குனிந்தே இருந்தன.

லிடியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். நேராக அவனைப் பார்த்தாள். கர்ட் கையைத் தூக்கினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் கை அப்படியே நின்றது. அவள் எழுந்தாள். வெளியே வரப்போகிறாள் என்று நினைத்து அவன் பதறிக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். அவள் வரவில்லை. ஜன்னலருகே வந்து நின்றாள், கையை உயர்த்தினாள், மேலேயிருந்து வெள்ளைத் திரையை இழுத்து இறக்கினாள். வெயில் கண்ணில் அடித்திருக்கலாம். மற்ற ஜன்னல்களில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவன் ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக, தூக்கிய கையோடு, அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். சைரன் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.